எம்டனுக்கு இவ்வளவு துரு வேண்டாம், மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் எம்டன் மாதிரிக் கப்பலை எடுத்து நீ அனுப்பிய ஆறு படங்களையும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை பார்த்தேன். காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன். "எல்லாம் கையேட்டில் சொன்னபடிதான் செய்தேன் மாமா, ஆனால் பொம்மை மாதிரியே இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். உனக்கு மட்டும் பதில் அனுப்பினால் போதும்தான். ஆனால் முதல் கப்பலைக் கட்டி முடித்த எல்லோரும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கட்டுமானம் நன்றாக வந்திருக்கிறது. முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனை, ரெவெல் கம்பெனியின் 1/350 அளவில், அதாவது நிஜத்தில் 350இல் ஒரு பங்காக, முதல் கப்பலாக எடுத்து, பித்தளைக் கைப்பிடிக் கம்பிகளைக் கோணாமல் ஒட்டியிருக்கிறாய். பீரங்கிக் குழாய்களில் ஒன்றுகூட வளையவில்லை. கயிறுகளுக்கு ஸ்ப்ரூவை, அதுதான் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை, சூடாக்கி இழுத்தாயா, நூல் கட்டினாயா என்று படத்தில் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் தொய்வு இல்லை. உன் வயதில் எனக்கு இந்தப் பொறுமை இருந்ததில்லை.

பொம்மையாகத் தெரிவதற்குக் காரணம் துரு. பக்கவாட்டு முழுக்க மேலிருந்து கீழாக ஆரஞ்சு நிறத்தில் கோடுகள் இறக்கியிருக்கிறாய். ஸ்கேலை எடுத்து ஒரு கோட்டின் அகலத்தை அளந்து பார். எனக்கு 2 மில்லிமீட்டர் போலத் தெரிகிறது. அதை 350ஆல் பெருக்கினால் 70 சென்டிமீட்டர். நம் வீட்டுக் குளியலறைக் கதவு அவ்வளவு அகலம். அந்த அகலத்துக்கு எந்தக் கப்பலிலாவது துரு வழிந்திருந்தால் அது உடைக்கப் போகிற கப்பலாகத்தான் இருக்கும். எம்டனின் நீளம் 118 மீட்டர், உன் மேசைமேல் 34 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மாலுமி 5 மில்லிமீட்டர் உயரம் இருப்பான். அதன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கியின் வாய் உன் கப்பலில் 0.3 மில்லிமீட்டர்தான். இனிமேல் தூரிகையைத் தொட்டு வைக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை ஒரு தடவை மனசுக்குள் போட்டுக்கொள். மெல்லிய தூரிகை என்று கடையில் கொடுப்பதே இந்த அளவில் தேங்காய் நார்த் துடைப்பம் மாதிரி.

அடுத்தது, எம்டன் அவ்வளவு துருப்பிடிக்கக் காரணமே இல்லை. 1908இல் அன்றைய ஜெர்மனியின் டான்சிக் கட்டுமானத் தளத்தில் நீரில் இறக்கினார்கள், 1909இல் கடற்படையில் சேர்ந்தது. போர் தொடங்கிய 1914இல் அதற்கு ஐந்து வயது. அதில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். போர்க்கப்பலில் மாலுமிக்குச் சும்மா உட்காரும் நேரம் கிடையாது. சுரண்டு, தேய், பெயின்ட் அடி, இதுதான் தினப்படி வேலை. நங்கூரச் சங்கிலி வெளியே வருகிற ஓட்டைக்குக் கீழே கொஞ்சம், தளத்துத் தண்ணீர் வெளியேறும் துவாரங்களுக்குக் கீழே மெல்லிசாக ஒரு தடம், அவ்வளவு துரு போதும். நீ காசிமேட்டில் பார்த்த ஸ்டீல் போட்டுகளை மனதில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். பார்த்துச் செய்தது நல்ல விஷயம். ஆனால் அந்தப் படகுகளின் வாழ்க்கை வேறு, இந்தக் கப்பலின் வாழ்க்கை வேறு.

எம்டனின் அழுக்கு கரி அழுக்கு. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் கப்பல் நிலக்கரியில் ஓடியது. எதிரிக் கடலில் தனியாகத் திரிந்ததால் கரி வாங்க எந்தத் துறைமுகத்துக்கும் போக முடியாது. கூடவே வந்த மார்க்கோமானியா என்ற கரிக் கப்பலிலிருந்தும், வழியில் பிடித்த கப்பல்களிலிருந்தும்தான் எடுத்தார்கள். இரண்டு கப்பல்களையும் பக்கத்தோடு பக்கமாகக் கட்டி, மூட்டை மூட்டையாக ஆட்களே சுமந்து ஏற்றினார்கள். கடல் அலையும்போது இரண்டு இரும்புச் சுவர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன, உரசுகின்றன. தளம் முழுக்கக் கரி. ஏற்றி முடித்ததும் கழுவிவிடுவார்கள். கழுவிய கரித் தண்ணீர் துவாரங்கள் வழியே பக்கவாட்டில் வழிந்து காயும். சில நாளில் மறுபடியும் அதே கதை.

கரித்தூள் எப்படிப் படியும் என்று உன் அம்மாவைக் கேள். அக்காவும் நானும் வளர்ந்த ராயபுரத்து வீட்டில், துறைமுகத்தில் கரி இறக்குகிற நாளெல்லாம் ஜன்னல் கம்பியை ஈரத்துணியால் துடைப்பது அக்காவின் வேலை. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன். நிமிர்ந்து நிற்கிற கம்பியில் தூள் அவ்வளவாக ஒட்டாது. படுக்கைக் கம்பியின் மேல்முதுகில் மெத்தை மாதிரி உட்கார்ந்திருக்கும். இரண்டு கம்பிகள் சேருகிற மூலையில் இன்னும் தடிப்பாக இருக்கும், விரல் நுழையாததால் அங்கே மட்டும் துணியும் போகாது. நிறமும் நாம் நினைக்கிற கறுப்பு இல்லை. உலர்ந்திருக்கும்போது பழுப்பு கலந்த சாம்பல். ஈரம் பட்டால்தான் மை மாதிரி ஆகும். வழிந்த சொட்டு காய்ந்தால் ஓரம் அடர்த்தியாகவும் நடு வெளிறியும் இருக்கும். 2011இல் நீதிமன்றம் உத்தரவு போட்டு, சென்னைத் துறைமுகத்தில் கரியைக் கையாள்வது நின்றது. அந்தக் கம்பிகள் இப்போது சுத்தமாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு தடவையும் கரிக் கப்பலுக்கு வண்ணம் தீட்ட உட்காரும்போது எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வருகிறது.

அதை உன் கப்பலில் கொண்டுவருவது கஷ்டமில்லை. சாஃப்ட் பேஸ்டல் குச்சிகள் வாங்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஆயில் பேஸ்டலை வாங்கிவிடாதே, அது மெழுகு மாதிரி, தூளாகாது. கறுப்பு, அடர் பழுப்பு, சாம்பல் மூன்றையும் உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கிக் கல. கறுப்பு பாதிக்கு மேல் போகக் கூடாது. காய்ந்த மென்மையான தூரிகையால் தளத்தின் மூலைகளில், பீரங்கி மேடைகளின் அடியில், ஏணிகளின் காலடியில் தொட்டு வை. நடுத்தளத்தில் அதிகம், முன்னாலும் பின்னாலும் குறைவு, ஏனென்றால் ஆட்கள் மூட்டையோடு நடமாடிய இடம் அது. பிறகு சுத்தமான தூரிகையால் பாதியைத் துடைத்துவிடு. துடைத்த பிறகு மிச்சம் இருப்பதுதான் உண்மையான அழுக்கு.

புகைபோக்கிகள் மூன்று. மேல்விளிம்புக்கு நீ நேராகப் புட்டிக் கறுப்பை அடித்திருக்கிறாய். இவ்வளவு சின்ன அளவில் முழுக் கறுப்பு ஓட்டை மாதிரித் தெரியும், அடர் சாம்பல் போதும். ஓடுகிற கப்பலில் புகை பின்பக்கம்தான் போகும். அதனால் பின்பாய்மரத்தின் மேல்பகுதியில், புகைபோக்கியைப் பார்த்த பக்கம் மட்டும் கொஞ்சம் புகைக்கறை ஏற்று. புகைபோக்கிகளின் கீழ்ப்பகுதியில் வேறொன்று நடக்கும். கடல் தண்ணீர் தெறித்து, சூட்டில் உடனே காய்ந்து, உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். வெளிர் சாம்பலில் மிக லேசாக ஒரு தொடல். இதை யாரும் கவனித்துச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கப்பல் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு அங்கிருந்துதான் வரும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். போருக்கு முன்னால், சீனாவில் ஜெர்மனியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகத்தில் எம்டன் வெள்ளை வெளேரென்று இருந்தது. கிழக்கின் அன்னம் என்றே பெயர். போர் வந்ததும்தான் சாம்பல் பூசினார்கள். அப்படியானால் கரிக் கப்பல் உரசிச் சாம்பல் பெயர்ந்த இடத்தில் முதலில் என்ன தெரியும்? துரு இல்லை, பழைய வெள்ளை! அந்த வெள்ளையும் சுரண்டப்பட்ட இடத்தில்தான் அடியில் இரும்பு. இது எந்தக் கையேட்டிலும் நான் பார்த்தது இல்லை, கப்பலின் கதையிலிருந்து நானாகப் போட்ட கணக்கு. ஆனால் கணக்கு சரியென்றுதான் நம்புகிறேன். நடுக்கப்பலில், நீர்மட்டத்துக்கு மேலே, கரிக் கப்பல் ஒட்டி நின்ற உயரத்தில், கடற்பஞ்சுத் துண்டை வெளிர் வெள்ளையில் தொட்டு, தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, படுக்கைவாக்கில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் தொடு. கோடு மேலிருந்து கீழாக வரக் கூடாது. உரசல் படுக்கையாகத்தான் வரும். அதன்மேல் சில இடத்தில் கொஞ்சம் மாறுபட்ட சாம்பலில் திட்டு வை, ஆட்கள் அவசரமாகப் பூசி மறைத்த மாதிரி.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். அடிநிறம் அக்ரிலிக் என்றால் மேலே பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் ஒரு பூச்சு, ஒரு நாள் முழுக்கக் காயவிடு. ஓவியர்கள் வாங்கும் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பை ஒரு பட்டாணி அளவு எடுத்து அட்டைமேல் வை, எண்ணெயை அட்டை குடித்துவிடும். ஊசிமுனையால் துவாரத்தின் கீழ் ஒரு புள்ளி. பத்து நிமிடம் கழித்து டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி செய். ஆயில் கலரின் பெரிய வசதியே அதுதான்.

பளபளப்பைக் குறைக்கும் கடைசி மேட் வார்னிஷை மட்டும் மழைக்காலத்தில் அடிக்காதே. ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை, நாலு மாதம் கட்டிய கப்பலுக்கு மேட் லாக்கர் அடித்தேன். கண்முன்னே பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போனது. காற்றில் இருந்த ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மழை விட்டு நல்ல வெயில் அடித்த பிறகு, மெல்லிசாக ஒரு கிளாஸ் பூச்சு அடித்ததும் வெள்ளை பெரும்பாலும் மறைந்தது. பெரும்பாலும்தான். பின்பாய்மரத்தின் அடியில் இன்றைக்கும் ஒரு மங்கல் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் நீ ஒன்றை முடிவு செய்ய வேண்டும். உன் கப்பல் எந்த நாளில் நிற்கிறது?

எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் வங்காள விரிகுடாவில் வேட்டையாடியது வெறும் சில வாரங்கள். ஆனால் அந்த வாரங்களுக்குள் கப்பலின் முகம் மாறிக்கொண்டே இருந்தது. 1914 செப்டம்பர் 10ஆம் தேதி இண்டஸ் என்ற கப்பலைப் பிடித்தார்கள். சோப்பு தீர்ந்துபோய்த் தவித்தவர்களுக்கு அதில் பெட்டி பெட்டியாகச் சோப்பு கிடைத்தது. செப்டம்பர் 22 இரவு எம்டன் நம் சென்னைக்கு வந்தது. தேடுவிளக்கைப் போட்டுப் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு, சுமார் 125 குண்டுகளைப் போட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. அன்றைய எம்டனின் அடிப்பாகம் மாதக்கணக்கில் சுத்தம் செய்யாதது. நீர்மட்டக் கோட்டில் பாசி, சிப்பி எல்லாம் இருக்க வேண்டும். அக்டோபர் 9, 10 தேதிகளில் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் டியாகோ கார்சியா தீவுக்குப் போனார்கள். போர் தொடங்கிய சேதியே அந்தத் தீவுக்காரர்களுக்கு எட்டியிருக்கவில்லை. அங்கே கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். அதனால் அக்டோபர் 28 அதிகாலை பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்த எம்டனின் நீர்மட்டக் கோடு சுத்தம். ஆனால் அதற்கு மூன்றுக்குப் பதில் நான்கு புகைபோக்கி! நான்காவது கித்தான் துணியில் செய்த போலி. ஆங்கிலேயக் கப்பல் என்று நம்பவைப்பதற்கு. அதைச் செய்ய ஆசைப்பட்டால் டிஷ்யூ பேப்பரை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்துச் சுற்று, துணியின் சுருக்கம் தானாக வரும்.

நவம்பர் 9ஆம் தேதியை எடுத்தால் உன் துரு எல்லாம் செல்லும், வெறும் துரு போதாது. கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் பெரிய பீரங்கிகளால் அடித்து நொறுக்க, முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றினார். 130 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சிதைந்த நிலையைக் கட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு மனசு வரவில்லை.

நீ எழும்பூரில் இருந்துகொண்டு கட்டுகிற எம்டன் என்பதால் செப்டம்பர் 22ஐ எடுக்கச் சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கும் எம்டன் கல்வெட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வா. "அவன் பெரிய எம்டன்டா" என்று உன் தாத்தா பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வாரே, அந்தச் சொல் நம் வாயில் ஏறியது அந்த ஒரு இரவில்தான். சொல்லாகவே இத்தனை வருஷம் ஓடிய கப்பலை நீ கையால் கட்டியிருக்கிறாய்.

ஆரஞ்சுக் கோடுகளை அழிக்க முடியுமா என்று கேட்பாய். மேலே வார்னிஷ் அடிக்கவில்லை என்றால், ஆயில் கலர் என்றால், டர்பன்டைனில் பஞ்சுக்குச்சியை நனைத்து மெதுவாகத் துடை, வந்துவிடும். அக்ரிலிக் என்றால் தொடாதே. பொங்கல் விடுமுறையில் கப்பலை ஷூ பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு இங்கே வா, சேர்ந்து உட்கார்ந்து மறுபடி சாம்பல் அடித்துவிடலாம். அதற்குள் அந்த ஜன்னல் கம்பியைப் பற்றி அம்மாவிடம் கேட்டு வை. மூலையில் இருந்த தூளை எடுக்க அக்கா ஏதோ ஒரு குச்சி வைத்திருந்தாள், அது என்ன குச்சி என்று எனக்கு மறந்துவிட்டது.

அன்புடன்,
மாமா