பொலிவியாவைக் கவிழ்த்தது முதியோர் பென்ஷன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லத்தீன் அமெரிக்கக் கட்டுரை வெனிசுவேலாவையும் பொலிவியாவையும் ஒரே கயிற்றில் கட்டி, இடதுசாரிகள் கையில் கஜானாவைக் கொடுத்தால் இதுதான் கதி என்று முடிந்திருந்தது. வெனிசுவேலாவுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. பொலிவியா விஷயம் வேறு. வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். பழக்கதோஷத்தில் அந்த நாட்டின் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

இடதுசாரித் தலைவர் எவோ மொராலெஸ் 2006 ஜனவரியில் அதிபராகப் பதவியேற்றபோது பொலிவிய மத்திய வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 170 கோடி டாலர். 2014இல் அது 1,500 கோடியைத் தாண்டியது. 2023 முடிவில் மறுபடியும் சுமார் 170 கோடி. புறப்பட்ட ஸ்டாப்பிலேயே பஸ் திரும்பி வந்து நின்றுவிட்டது. அந்தக் கடைசி 170 கோடியிலும் பெரும்பகுதி தங்கம். ரொக்கமாக எடுத்துச் செலவழிக்க இருந்தது 17 கோடி டாலருக்கும் குறைவு. கட்டுரையாளர் பஸ் திரும்பியதை மட்டும் எழுதினார். என்னோடு காலையில் நடக்க வரும் தோழர் ஒருவர் பஸ் போனதை மட்டும் பேசுவார். மற்றதெல்லாம் அவருக்கு அமெரிக்கச் சதி.

போன கதையை முதலில் சொல்கிறேன். 2006 மே தினத்தன்று மொராலெஸ் எரிவாயு வயல்களுக்கு ராணுவத்தை அனுப்பி நாட்டுடைமை அறிவித்தார். செய்திப் படங்களைப் பார்த்தவர்கள் வெளிநாட்டுக் கம்பெனிகளைத் துரத்திவிட்டார் என்றே நினைத்தார்கள். பிரேசிலின் எண்ணெய்க் கம்பெனி பெட்ரோபிராஸும் ஸ்பெயினின் ரெப்சாலும் எங்கும் போகவில்லை. மிரட்டலில் ஒப்பந்தத்தை மாற்றி எழுதிக்கொண்டு அங்கேயே தொழில் செய்தன. பெரிய வயல்களில் அரசின் பங்கு இடைக்காலமாக 82 சதவீதம் வரை போனது. இங்கே தோழருக்குப் பிடிக்காத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். அரசுக்குப் பாதிப் பங்கு என்ற சட்டம் 2005இலேயே, மொராலெஸ் வருவதற்கு முன்பே, வந்துவிட்டது. லா பாஸ் நகரை ஒட்டி மேலே இருக்கும் எல் ஆல்டோ நகர மக்கள் தெருவில் ரத்தம் சிந்தி வாங்கியது அது. அந்த வாயுவும் பெரும்பாலும் 1990களில் தனியார் முதலீட்டில் தெற்கே தாரிஹா மாநிலத்துப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஏற்றுமதி விலை கச்சா எண்ணெய் விலையை ஒட்டி ஏறும்படி ஒப்பந்தம் இருந்ததால், உலகில் எண்ணெய் ஏற ஏற பொலிவியாவுக்கு மழை.

மழை எல்லாருக்கும் பெய்யும், குளம் வெட்டி வைத்தவனுக்குத்தான் தண்ணீர். மொராலெஸின் நிதியமைச்சர் லூயிஸ் ஆர்சே முதல் எட்டு வருடம் குளத்தை ஒழுங்காகத்தான் வெட்டினார். 2006 முதல் 2013 வரை பட்ஜெட்டில் உபரி. சர்வதேச நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொன்ன அரசை, அதே ஐ.எம்.எஃப். சிக்கனத்துக்காகப் பாராட்டியது. அதுவரை டாலரில்தான் கடன் வாங்குவது, டாலரில்தான் சேமிப்பது என்றிருந்த மக்கள் சொந்த நாணயமான பொலிவியானோவுக்கு மாறினார்கள். வங்கிக் கடன்களில் பத்தில் ஒரு பங்குகூடப் பொலிவியானோவில் இல்லாத நிலை மாறி, கிட்டத்தட்ட எல்லாமே பொலிவியானோவில் என்றானது. இதை ஒரு வங்கிக்காரன் லேசில் கடந்துபோக முடியாது. ஒரு நாட்டு ஜனங்கள் தங்கள் நோட்டை நம்ப ஆரம்பிப்பது பெரிய காரியம்.

மக்களில் 60 சதவீதம் பேர் ஏழைகளாக இருந்த நாட்டில் 2019 வாக்கில் அது 40க்குக் கீழே இறங்கியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வருடம் 200 பொலிவியானோ, அறுபது வயது தாண்டியவர்களுக்கு மாதா மாதம் ஒரு சிறு தொகை, கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை. லா பாஸ் பள்ளத்தாக்கையும் மேலே எல் ஆல்டோவையும் இணைக்க 2014இல் கேபிள் கார். வளர்ச்சி நாலரை சதவீதத்தைத் தாண்டிய வருடத்தில் தொழிலாளிக்கு இரட்டை போனஸ் என்றுகூட 2013இல் ஒரு ஆணை போட்டார்கள். சின்ன முதலாளிகள் தலையில் கை வைத்துக்கொண்டது தனிக்கதை.

சரி, அப்புறம் எதனால் கவிழ்ந்தது?

கட்டுரையாளர் சொல்லும் காரணம் இலவசங்கள். என் கணக்கில் அது தப்பு. அந்தப் பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் கொடுத்தது பொலிவியானோ. அதை அவர்கள் உருளைக்கிழங்கிலும் நோட்டுப் புத்தகத்திலும் செலவழித்தார்கள். டாலரைக் குடித்தது வேறு இரண்டு. ஒன்று, 2011 முதல் அசையாமல் கட்டிவைத்த டாலர் விலை: ஒரு டாலருக்கு 6.96 பொலிவியானோ. அந்த விலையைக் காப்பாற்ற மத்திய வங்கி கையிருப்பு டாலரை எடுத்து விற்க வேண்டும். இன்னொன்று, அதற்கும் வெகுமுன்பே உறைய வைத்த பெட்ரோல் விலை: லிட்டர் 3.74 பொலிவியானோ. இரண்டுமே வாயு பெருகிய காலத்தில் வலிக்கவில்லை. 2014க்குப் பிறகு எண்ணெய் விலை விழுந்தது, வயல்களும் வற்ற ஆரம்பித்தன. நாளொன்றுக்குச் சுமார் 6 கோடி கன மீட்டர் எடுத்த இடத்தில் பத்து வருடத்தில் பாதிதான் மிஞ்சியது. பாதிக்கு மேல் பெட்ரோலையும் பெரும்பகுதி டீசலையும் டாலர் கொடுத்து வாங்கி, பாதி விலைக்கும் குறைவாக விற்றார்கள். மலிவு டீசல் லாரி லாரியாக எல்லை தாண்டிப் பெருவுக்குக் கடத்தப்பட்டது. பொலிவிய மத்திய வங்கி பக்கத்து நாட்டு லாரிகளுக்கும் மானியம் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இது மொராலெஸுக்குத் தெரியாமல் இல்லை. 2010 டிசம்பர் கடைசியில் ஒரு நாள், அவர் வெனிசுவேலாவில் இருந்தபோது, துணை அதிபர் கார்சியா லினேரா டிவியில் வந்து பெட்ரோல் 70 சதவீதத்துக்கு மேல், டீசல் 80 சதவீதத்துக்கு மேல் உயர்கிறது என்றார். பஸ் நின்றது, சந்தை அடைத்தது, அவருக்கு ஓட்டுப் போட்ட எல் ஆல்டோவே கொதித்தது. ஐந்தாவது நாள், வருடப் பிறப்புக்கு முந்தின இரவு, ஆணை வாபஸ். மக்களுக்குக் கட்டுப்பட்டேன் என்றார் அதிபர். கஜானா நிறைந்திருந்த நேரம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஏழைக்கு ஈடு கொடுத்திருந்தால் தாங்கியிருக்கும். ஒரே அடியாக ஏற்றிச் சூடுபட்டவர்கள் அதன்பின் அந்தப் பக்கமே கை வைக்கவில்லை. 2019இல் மொராலெஸ் வெளியேறியபின் ஒரு வருடம் ஆண்ட வலதுசாரி ஹெனினே அனெஸும் அந்த இரண்டு விலைகளையும் தொடவில்லை என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

நாட்டுடைமை செய்தவர்களை நான் குறை சொல்வது வேறு ஓர் இடத்தில். கறந்த பாலுக்குக் கணக்கு எழுதினார்களே தவிர, கன்று வளர்க்கவில்லை. புதுக் கிணறு தோண்ட கம்பெனிகளுக்கு ஆசை இல்லை, அரசு நிறுவனத்துக்குத் திறமை போதவில்லை. 2006க்குப் பிறகு பழைய வயல்களுக்கு ஈடான ஒன்றுகூட அகப்படவில்லை. உயுனி உப்பு வெளியில் பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் இருக்கிறது என்ற பேச்சு பதினைந்து வருடம் ஓடியது, பேட்டரிதான் வரவில்லை.

2022இல் உலகமே விலைவாசியில் திணறியபோது பொலிவியாவில் பணவீக்கம் 3 சதவீதம்தான். அப்போது அதிபராகிவிட்ட ஆர்சே அதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு அப்போதே உறுத்தியது. காய்ச்சல் இறங்கவில்லை, தெர்மாமீட்டரைக் கட்டி வைத்திருந்தார்கள். மறு வருடம் டாலர் வாங்க மத்திய வங்கி வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அப்புறம் டீசலுக்கு லாரிகள் நாள் கணக்கில் நின்றன. கள்ளச் சந்தையில் டாலர் விலை இரண்டு மடங்கானது. நடுவில் மொராலெஸும் ஆர்சேயும் அடித்துக்கொண்டதில், வெளிநாட்டுக் கடனுக்குக்கூட நாடாளுமன்றத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2025 தேர்தலில், இருவரையும் அதிபராக்கிய மாஸ் (MAS) கட்சிக்கு அதிபர் வேட்பாளர் பேரில் விழுந்தது 3 சதவீத அளவு ஓட்டு. ஐந்து வருடம் முன்பு 55 சதவீதம் வாங்கிய கட்சி.

கடைசியாக ஒரு திருத்தம். பொலிவியாவில் விலை பல ஆயிரம் சதவீதம் ஏறி, மூட்டையில் பணம் கொண்டுபோனது மொராலெஸ் ஆட்சியில் என்பதுபோல் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அது 1985. அப்போது அவர் சப்பாரே என்ற பகுதியில் கோக்கா இலை பயிரிட்டுக்கொண்டிருந்த இளைஞர். அந்தச் சமயத்தில் ஆண்ட அதிபர் சீலெஸ் சுவாசோவின் கூட்டணியும் இடதுசாரிதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் தலையில் விழுந்த கடன் ராணுவ ஆட்சிகள் வாங்கி வைத்தது என்பதையும் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருச்சி