சனிக்கிழமைகளில் கூட இருந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

என் படிப்பு இந்த மாதம் முடிகிறது. இரண்டு இன மாணவர்களும் சேர்ந்து கூடும் நம் சனிக்கிழமைச் சந்திப்பை இனி இளையவர்கள் நடத்துவார்கள். கிளம்பும் முன் இதை எழுதாவிட்டால் மனம் ஆறாது.

முதல் நன்றி, என்னோடு சண்டை போட்ட மற்ற இனத்துத் தோழிக்கு. ஒரே வகுப்பில் இரண்டு இன மாணவர்கள் தனித்தனி வரிசையாக உட்கார்ந்திருந்த நேரம் அது. எல்லாரையும் ஓர் அறையில் கூட்டிவிட்டால் பேச்சு தானாக வரும் என்று நம்பினேன். ஐந்தாவது வாரம் அவள் கேட்டாள்: "கூப்பிடுவது நீங்கள். தலைப்பு உங்களுடையது. பேச்சும் உங்கள் மொழியில். நாங்கள் விருந்தாளி மாதிரி வந்துபோகிறோம். இதுவா உறவு?" அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் உளவியல் பேராசிரியரிடம் போய் நின்றேன். ஐயா திட்டவில்லை. சம நிலை, பொது இலக்கு, சேர்ந்து உழைப்பது, நிர்வாகத்தின் ஆதரவு ஆகியவை இருந்தால்தான் இரு தரப்பும் பழகுவது வெறுப்பைக் குறைக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதியதை விளக்கினார். எங்களிடம் முதலாவதே இல்லை. அப்புறம், இன்னோர் உளவியலாளரான எலியட் அரான்சன் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய முறையைச் சொன்னார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தராமல் எவருக்கும் பாடம் முழுதாகப் புரியாது.

அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். புள்ளியியல் தேர்வுக்குச் சேர்ந்து படித்தோம். ஒரு வாரம் எங்கள் மொழி, மறுவாரம் அவர்கள் மொழி. நடத்துபவரும் மாறுவார். நல்லிணக்கம் என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. தேர்வு முடிந்த பிறகும் கூட்டம் கலையாமல் இருந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

எங்கள் பிள்ளைகள் ஏன் அவர்களோடு சேர்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன இரு பக்கப் பெற்றோருக்கும், அறையின் சாவியை நம்பித் தந்த நூலகருக்கும், வரிக்கு வரி காதோரம் மொழிபெயர்த்த தம்பி தங்கைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

தோழி, உன் மொழியில் நான் எழுதிய முதல் கடிதத்தில் 17 பிழைகளைத் திருத்தித் தந்தாய். இந்த மடலையும் உன் மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். நீ பார்த்துக் கொடுத்த பிறகு இரண்டையும் சேர்த்தே பலகையில் ஒட்டுகிறேன்.

அன்புடன்,
இறுதியாண்டு மாணவன்