மொட்டை மாடி நண்பர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணாச்சிக்கும் டீச்சருக்கும் மற்ற எல்லாருக்கும்,

ஓசூருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மாற்றல் அவசரத்தில் உங்களிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. நேற்று இரண்டாம் ஞாயிறு. பாளையங்கோட்டையில் அச்சகத்து மாடியில், ஹைக்கூ என்கிற மூன்று வரிக் கவிதை எழுதி வாசிக்கப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் நன்றி, அண்ணாச்சி வெட்டிவைக்கும் சீட்டுகளுக்கு. கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சிய தாள்தான் என்றாலும் எல்லாம் ஒரே அளவு. ஆளுக்கு மூன்று சீட்டு, சீட்டுக்கு ஒரு ஹைக்கூ, பெயர் போடக்கூடாது. அப்புறம் மொத்தத்தையும் கலைத்து, வேறு கையெழுத்தில் படியெடுத்து, சுற்றுக்கு விட்டு, அவரவருக்குப் பிடித்ததை வாசிப்பது. நம்முடையதை யாராவது வாசித்தால் மட்டும் வாய் திறந்து பெயர் சொல்லலாம். ஜப்பானில் இந்தக் கூடுகைக்குக் 'குகாய்' என்று பெயர் என நூலகர் அக்கா விளக்கியபோது எனக்கு ஏலச்சீட்டு ஞாபகம்தான் வந்தது. நான் கவியரங்கத்திலிருந்து வந்தவன். அங்கே பட்டம் முதலில் வரும், ஆள் பிறகு, கவிதை கடைசியில்.

முதல் நாள் நான் கொடுத்தது இது:

விறகானது மரம்
அழுகிறது
கோடாரிக் காம்பு

ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. கீழே இறங்கும்போது பெரியவர் தோளில் கைபோட்டு, பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்: "அந்தக் கோடாரி எழுதுனவரு யாருன்னு தெரியல. அழுவுதுன்னு அவரே சொல்லிட்டா பெறவு நாங்க எதுக்கு?" அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாததுபோல் இருந்தாரே, அதற்கு நன்றி ஐயா. ஒரு வாரம் கோபத்தில் இருந்தேன் என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

நாம் சேர்ந்து எழுதிய பருவச்சொல் நோட்டை நினைத்துக்கொள்கிறேன். ஹைக்கூவில் பருவத்தைக் காட்டிக்கொடுக்கும் சொல்தான் பருவச்சொல். ஜப்பானியர்கள் பருவச்சொற்களுக்கென்றே அகராதி வைத்திருக்கிறார்கள். நமக்குத்தான் பழந்தமிழ் மரபு கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறதே என்று டீச்சர் நோட்டில் ஆறு பகுதி ஒதுக்கினார். காரில் ஈசல், முன்பனியில் கோலத்துப் பூசணிப்பூ, முதுவேனிலில் நுங்கு. பனங்கிழங்கை எதில் வைப்பது என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை. அன்று யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த நோட்டு இல்லாவிட்டால் என் குடைக் கவிதை இல்லை. முதலில் 'கத்திரி வெயில் / அப்பாவின் குடையை விரிக்கிறேன் / உதிர்கிறது வேப்பம்பூ' என்று எழுதியிருந்தேன். மூன்றே வரியில் எதற்கு இரண்டு பருவச்சொல் என்றார் நூலகர் அக்கா. பேருந்தில் போகும்போது வெயிலை எடுத்துவிட்டேன்.

அப்பாவின் குடை
விரித்ததும் உதிர்கிறது
போன வருஷத்து வேப்பம்பூ

அடுத்த மாதம் அதை ஐந்து பேர் வாசித்தார்கள். பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவரவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்த மாதம் அவர் வீட்டுக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். முதுகெலும்புக் காசநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்த மசோகா ஷிகியைச் சுற்றி, தோக்கியோவின் நெகிஷி வீட்டில் நண்பர்கள் இப்படித்தான் கூடினார்கள் என்றார் அக்கா. ஹைக்கூ என்ற பெயரையே நிலைநிறுத்தியவர் ஷிகி. 1902-இல் இறந்தபோது வயது 34. "எனக்கு அம்பத்தெட்டு, பயப்படாதீங்க" என்று அவரே சிரித்தார்.

கடைசியாக, வாட்ச்மேன் அண்ணனுக்கு. அன்று நான் எழுத நினைத்தது 'பனி முடிந்த காலை'. கை தவறி 'பணி' என்று விழுந்துவிட்டது. படியெடுக்கும்போது திருத்தக்கூடாது என்பது விதி. டீச்சருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும், முப்பது வருஷம் சிவப்பு மையில் சுழித்தவர்! ஆனாலும் அப்படியே எழுதினார்.

பணி முடிந்த காலை
டீக்கடைப் பெஞ்சில் எரிகிறது
அணைக்க மறந்த டார்ச்

அதுவரை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த நீங்கள் அன்றுதான் முதல்முறையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள் அண்ணே. "இது நாந்தான்" என்றீர்கள். எழுதியது நீங்கள் என்று நினைத்து எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். நானும் தட்டினேன். பருவச்சொல் போனது போகட்டும் என்று கவிதையை அப்படியே விட்டுவிட்டேன்.

இங்கே இன்னும் யாரையும் பழக்கமில்லை. இந்த உறைக்குள் மூன்று சீட்டு வைத்திருக்கிறேன், அண்ணாச்சி கொடுத்த தாள்தான். கூட்டத்தில் கலந்துவிடுங்கள். யாராவது வாசித்தால் என் பெயரை வாட்ச்மேன் அண்ணன் சொல்லட்டும்.

டீச்சர், பிழை இருந்தால் அப்படியே எழுதுங்கள்.

அன்புடன்,
குடைக்காரன்