36 அளவு பிளவுஸுக்கு 18:42 என்று ஒரு தம்ப்நெயில்

அனுப்புநர்:
தையல் வகுப்பு யூடியூப் சேனல் உரிமையாளர்,
வீரப்பன்சத்திரம், ஈரோடு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தம்ப்நெயில் வடிவமைப்பு நிறுவனம்,
சென்னை.

நாள்: 22.09.2025

பொருள்: 60 வீடியோக்களுக்குத் தம்ப்நெயில் மாற்றியதில் சேவைக் குறைபாடு, ரூ.14,455 திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஜூலையில் என் சேனலின் பழைய வீடியோக்கள் 60-க்குப் புதுத் தம்ப்நெயில் (வீடியோவைத் திறக்கும் முன் வெளியே தெரிகிற படம்) போட்டுத் தரச் சொல்லி உங்களிடம் வேலை கொடுத்தேன். ஒரு படத்துக்கு 250 ரூபாய் வீதம் 15,000, அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் 2,700, ஆக மொத்தம் 17,700 ரூபாய். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டீர்கள், அனுப்பிவிட்டேன். பில் இணைத்திருக்கிறேன்.

போனில் நான்கு முறையும் வாட்ஸ்அப்பில் கணக்கில்லாமலும் சொல்லியாயிற்று. "டீம்ல பேசிட்டு சொல்றேன் மேடம்" என்பதற்கு மேல் ஒரு பதிலும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த 60 வீடியோக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் 20, நான் சேனல் ஆரம்பித்த புதிதில் போட்டவை. சொந்தமாகப் படம் வைக்க வேண்டுமானால் போன் நம்பரைக் கொடுத்துக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. யூடியூப் வீடியோவிலிருந்து தானாக எடுத்துக் காட்டும் மூன்று படங்களில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுவேன். எல்லாவற்றிலும் நான் குனிந்து துணி வெட்டிக்கொண்டிருப்பேன். என் தலை வகிடுதான் தெரியும். மீதி 40 படங்கள் நானே போனில் கேன்வா என்ற படம் செய்யும் ஆப்பை வைத்துச் செய்தவை. வெள்ளைச் சுவரில் ஹேங்கரில் மாட்டிய பிளவுஸ், பக்கத்தில் பெரிதாக அளவு எண். பார்க்கப் பிரமாதமாக இருக்காது. ஆனால் என் ஆட்களுக்கு அது போதும்.

வேலை கொடுக்கும்போதே மூன்று விஷயம் எழுதி அனுப்பினேன். வீடியோவில் தைக்கிற பிளவுஸ்தான் படத்தில் இருக்க வேண்டும். அளவு எண் பளிச்சென்று தெரிய வேண்டும். தமிழில் பிழை கூடாது. "டன் மேடம்" என்று உங்கள் ஆள் கட்டைவிரல் காட்டிய ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. மூன்றுமே நடக்கவில்லை.

அளவு எண்ணிலிருந்து வருகிறேன். 32, 34, 36, 38 என்று ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாகத் துணி வெட்டிக் காட்டியிருக்கிறேன். 36 என்றால் மார்புச் சுற்றளவு 36 அங்குலம், அதில் கால் பங்கு 9 அங்குலம். அதற்கு மேல் தையலுக்கும் லூசுக்கும் விட்டுச் சாக்பீஸ் கோடு போடுவோம். 36 வேண்டியவர் தெரியாமல் 34 வீடியோவைப் பார்த்து வெட்டினால் கால் பங்குக்கு அரை அங்குலம் குறையும். சுற்றி வந்தால் இரண்டு அங்குலம். பிளவுஸ் ஊக்கு மாட்டாது, துணி போச்சு. வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிற பெண், வரிசையாக வந்து நிற்கும் வீடியோக்களில் தன் அளவு எது என்று பார்ப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

நீங்கள் அந்த எண்ணைக் கொண்டுபோய்ப் படத்தின் வலது கீழ் மூலையில் வைத்தீர்கள். வீடியோ எவ்வளவு நேரம் என்று யூடியூப் கறுப்புப் பட்டையில் காட்டுகிற இடம் அது. தம்ப்நெயில் செய்கிற எவரும் அந்த மூலையைக் காலியாக விடுவார்கள். இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? 36 அளவு கட்டோரி பிளவுஸ் வீடியோவில் இப்போது இடப்பக்கம் "அளவு" என்று இருக்கிறது, வலப்பக்கம் 36 இருக்க வேண்டிய இடத்தில் 18:42 இருக்கிறது. "அக்கா, 18:42 என்ன சைஸ்?" என்று ஒரு பெண் கமெண்டில் கேட்டாள். அதற்கு 200 லைக். இப்படி 13 வீடியோக்கள்.

அடுத்து தமிழ். 22 படங்களில் எழுத்து உடைந்திருக்கிறது. "தையல்" என்ற சொல்லில் ஐகாரக் கொம்பு "த"வுக்கு முன்னால் நிற்க வேண்டும். உங்கள் படத்தில் பின்னால் போய் "ய"வை இடித்துக்கொண்டு நிற்கிறது. "கழுத்து" என்பதில் "து" சேரவே இல்லை. "த" தனியாக, உகரக் குறி தனியாக. தையல் சொல்லித்தருகிற சேனலில் "தையல்" என்ற சொல்லே பிரிந்து கிடந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

இது ஏன் நடந்தது என்று பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை செய்யும் என் தம்பியிடம் கேட்டேன். ஃபோட்டோஷாப்பில் எழுத்துக்கான செட்டிங்கில் வேர்ல்டு ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும் என்றான். ஒரே ஒரு செட்டிங். உங்கள் டிசைனருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. தெரியாதது அவர் குற்றம் இல்லை. ஆனால் அந்த 22 படங்களைச் சேனலில் ஏற்றும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம். உங்கள் அலுவலகம் இருப்பது சென்னையில்!

இதெல்லாம்கூடக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். ஆரி வேலை (துணியில் ஊசியால் போடும் பூவேலை) விஷயத்தை அப்படி விட முடியாது.

சாதாரண காட்டன் பிளவுஸ், லைனிங் பிளவுஸ், பின்கழுத்தில் பைப்பிங் வைப்பது என்று 14 வீடியோக்கள். இவற்றுக்கு எங்கிருந்தோ எடுத்த கல்யாணப் பிளவுஸ் படங்களைப் போட்டிருக்கிறீர்கள். முதுகு முழுக்க மயில், ஜர்தோசி, குந்தன் கல், தோளிலிருந்து தொங்கும் குஞ்சலம். எனக்கு ஆரி வேலை தெரியவே தெரியாது. அந்த ஊசியை நான் கையில் பிடித்ததில்லை. "வெறும் 20 நிமிடத்தில்" என்று மஞ்சள் எழுத்து வேறு. ஆரி போடுகிறவர்களைக் கேளுங்கள், அந்த மாதிரி ஒரு முதுகுக்கு எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று சொல்வார்கள்.

இதில் என் முகம் வேறு இருக்கிறது. பழைய வீடியோ ஒன்றிலிருந்து என் முகத்தை வெட்டி, ஏஐ வைத்து வாயை அகலத் திறந்து, கண்ணைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மாமியார் போனைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, எதுக்கு இப்பிடி வாயப் பொளந்துட்டு நிக்கற?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

இதைக் கேட்டபோது உங்கள் மேனேஜர் ஒரு ரிப்போர்ட் அனுப்பினார். கிளிக் வீதம் (படம் கண்ணில் பட்டதில் எத்தனை சதவீதம் தொட்டு உள்ளே வந்தார்கள் என்ற கணக்கு) 4.2 சதவீதத்திலிருந்து 7.1 ஆகியிருக்கிறது, பாருங்கள் மேடம் என்று. பார்த்தேன். சேனல் கணக்கெல்லாம் காட்டும் அதே யூடியூப் ஸ்டூடியோவில் கொஞ்சம் கீழே போய் அவர் அனுப்பாத கணக்கையும் பார்த்தேன். அந்த 14 வீடியோக்களை முன்பு சராசரியாக 6 நிமிடம் 10 விநாடி பார்த்தார்கள். இப்போது 2 நிமிடம் 35 விநாடி. மயிலைப் பார்த்து உள்ளே வருகிறார்கள், காட்டன் துணியைப் பார்த்ததும் போய்விடுகிறார்கள். போகும்போது இரண்டு திட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தத் திட்டு உங்களுக்கு வருவதில்லை. பாதிச் சேனல்களுக்குக் கிளிக் வீதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்று யூடியூப்பே எழுதி வைத்திருக்கிறது. 4.2 ஒன்றும் கேவலம் இல்லை. நானும் அதற்காக உங்களிடம் வரவில்லை.

"ஏ-பி டெஸ்ட் பண்ணித் தருவோம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்களே, அதுவும் நடக்கவில்லை. யூடியூப் ஸ்டூடியோவிலேயே டெஸ்ட் அண்ட் கம்பேர் என்று இருக்கிறது. ஒரு வீடியோவுக்கு மூன்று படம் வரை கொடுக்கலாம். ஒரே காலத்தில் ஒருவருக்கு ஒரு படம், இன்னொருவருக்கு இன்னொரு படம் என்று காட்டி, இரண்டு வாரத்துக்குள் எது தேறியது என்று சொல்லிவிடும். அதுவும் கிளிக்கை வைத்து இல்லை, எந்தப் படத்தால் வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து. நீங்கள் செய்தது என்ன? ஆடியில் பழைய படத்துக்கு வந்த கிளிக்கையும் ஆவணியில் புதுப் படத்துக்கு வந்த கிளிக்கையும் பக்கத்தில் வைத்தீர்கள். ஆவணியில் முகூர்த்தம் தொடங்கினால் பிளவுஸ் வீடியோவுக்குக் கூட்டம் தானாக வரும். ஈரோட்டில் ஜவுளிக் கடை வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

2024 டிசம்பரில் யூடியூப், இந்தியாவில் தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் ஒன்றைக் காட்டி உள்ளே அது இல்லாமல் ஏமாற்றும் வீடியோக்கள் மீது நடவடிக்கையைக் கடுமையாக்கப் போவதாக அறிவித்தது. இதைச் சொன்னதற்கு உங்கள் மேனேஜர், "அது நியூஸ் சேனலுக்கு மேடம், உங்களுக்கு வராது" என்றார். முக்கியமாகச் செய்தி வீடியோக்களைத்தான் அதில் குறிப்பிட்டார்கள், சரி. ஆனால் படத்தை வைத்துப் பார்ப்பவரை ஏமாற்றக் கூடாது என்ற விதி எல்லாச் சேனலுக்கும் ஏற்கெனவே இருக்கிறது. நாளைக்கு வீடியோவைத் தூக்கினால் தூக்கப்படுவது என் வீடியோ.

இன்னொன்று. எந்தப் படத்தையும் மாற்றும் முன் எனக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவதாகச் சொல்லியிருந்தீர்கள். முதல் ஐந்துக்கு அனுப்பினீர்கள். அவை நன்றாகவே இருந்தன, அந்த நம்பிக்கையில்தான் சேனலுக்குள் எடிட்டர் அனுமதி கொடுத்தேன். (பாஸ்வேர்டே கேட்டீர்கள். நல்ல வேளை கொடுக்கவில்லை.) அதற்குப் பிறகு ஒரே இரவில் 55 படங்களையும் மாற்றிவிட்டீர்கள். புதுப் படம் ஏறியதும் நான் போட்டிருந்த படம் ஸ்டூடியோவில் இல்லை. என் பழைய போன் போனதோடு அவற்றின் நகலும் போய்விட்டது. மாற்றும் முன் பழையதை இறக்கி வைத்துக்கொள்வது உங்கள் தொழிலில் முதல் பாடமாக இருக்க வேண்டாமா? வாடிக்கையாளர் கொண்டுவரும் அளவு ஜாக்கெட்டை நான் தொலைத்துவிட்டுத் துணியை வெட்டினால் எப்படி இருக்கும்?

நியாயமாகச் சொல்ல வேண்டும். 60-இல் 11 படங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. பிரின்சஸ் கட் வீடியோவுக்குப் போட்ட ஊதாப் பின்னணியும், முன்பக்கத் தையல் கோட்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டிய விதமும் எனக்கு வந்திருக்காது. அந்த 11-ஐயும் வைத்துக்கொள்கிறேன். அதற்கான பணம் உங்களுக்கு உரியது: 2,750, ஜிஎஸ்டி 495, ஆக 3,245 ரூபாய். மீதி 14,455 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். 49 படங்களையும் நீங்களே திருத்தித் தருகிறோம் என்று இனிமேல் சொல்ல வேண்டாம். ஒரு பிளவுஸில் கை சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கலாம். வெட்டே தப்பு என்றால் துணிக்குக் காசு கொடுப்பதுதான் எங்கள் வழக்கம்.

அதோடு, வைத்துக்கொள்ளும் 11 படங்களின் மூலக் கோப்புகளை எழுத்தைத் திருத்தக்கூடிய வடிவில் அனுப்புங்கள். என் முகத்தை வைத்து ஏஐயில் செய்த படங்களை உங்கள் கணினியிலிருந்தும், உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் "எங்கள் வேலை" என்று போட்டிருக்கும் இடத்திலிருந்தும் நீக்குங்கள். பழைய 40 படங்கள் உங்கள் ஆள் யாருடைய கணினியிலாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உங்களுக்குக் கொடுத்த எடிட்டர் அனுமதியை நேற்றே எடுத்துவிட்டேன்.

"உங்கள் சேனல் வணிக நோக்கம் கொண்டது, நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள்" என்று உங்கள் மேனேஜர் கடைசியாக ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7)-இல் உள்ள விளக்கத்தை அவரைப் படிக்கச் சொல்லுங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று அதில் இருக்கிறது. ஒரு தையல் மெஷின், ஒரு போன், ஒரு ரிங் லைட், நான் ஒருத்தி. இதுதான் என் வணிகம். நீங்கள் சென்னையில் இருப்பதால் நான் அங்கே அலைய வேண்டியதும் இல்லை. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதிலும் தீரவில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த துணி மலையாகக் கிடக்கிறது. இந்த வேலை எனக்கு இப்போது வேண்டாம்தான். இருந்தாலும் செய்வேன்.

பணத்தை, நான் எந்த எண்ணிலிருந்து அனுப்பினேனோ அதே எண்ணுக்கு அனுப்பிவிட்டு ஒரு மெசேஜ் போடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்ப்பேன். அதுவரை மெஷினில் இருப்பேன்.

இப்படிக்கு,
சேனல் உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்கள், 49 தம்ப்நெயில்களின் நகல். 18:42 படம் முதலில் இருக்கிறது.