நூலகவியல் மாணவர்களின் பணித்தொகுப்பு: முதல் பருவத்திலேயே தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி நூலகர் பணிக்கான நேர்காணலுக்கு வரும் நூலகவியல் பட்டதாரிகளின் கோப்புகளில் பெரும்பாலும் ஒரே சரக்குதான்: மதிப்பெண் பட்டியல், நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறிய சான்று, கருத்தரங்குச் சான்றிதழ்கள், கெட்டி அட்டை போட்ட ஆய்வேடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை 55 விழுக்காட்டு மதிப்பெண்ணையும் தகுதித் தேர்வையும் சொன்ன கையோடு, நூலகத்தைக் கணினிமயமாக்கும் அறிவும் வேண்டும் என்கிறது. முதல் இரண்டுக்கும் கோப்பில் தாள் இருக்கிறது. மூன்றாவதைக் காட்ட ஒன்றுமில்லை.

அதைக் காட்டத்தான் பணித்தொகுப்பு, அதாவது மாணவர் தாமே செய்த வேலைகளை விளக்கத்துடன் திரட்டிய கோப்பு. அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுநிலை மாணவர் ஆய்வேட்டுக்குப் பதிலாக மின்பணித்தொகுப்பு அளித்தே பட்டம் பெறலாம். ஒவ்வொரு திறனைப் பற்றியும் தன் புரிதலை எழுதி, படிப்பின்போது செய்த வேலையையே அதற்கு ஆதாரமாக இணைக்க வேண்டும். நம் துறைகளிலும் இதைச் செய்ய ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

முதலில் பட்டியலாக்கம். நூல் விவரங்களைக் கணினி படிக்கும்படி எழுதும் மார்க் 21 வடிவில் பத்துப் பதிவுகள் போதும். ஆனால் பத்தும் வேறு வேறு வகையாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு, பதிப்பாசிரியர் நூல், பல தொகுதி நூல், பருவ இதழ், ஆய்வேடு, ஆண்டு அச்சிடாத பழைய பதிப்பு என்று தேடி எடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஏன் அந்தத் தீர்மானம் என்று நாலு வரி எழுதுங்கள். பத்து நாவல்களை, தமிழ்ப் புனைகதைக்கான டூயி வகைப்பாட்டு எண்ணான 894.8113 என்ற ஒரே எண்ணில் வரிசையாக ஏற்றித் தந்தால், ஒரு பதிவைப் பத்து முறை செய்ததாகத்தான் பொருள்.

உ.வே.சாமிநாதையரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'உ' ஊர்ப்பெயர், 'வே' தந்தை பெயர். குடும்பப்பெயர் என்று எதுவும் இல்லை. தலைப்பெழுத்தை முன்னே வைத்து, ஆசிரியர் பெயருக்கான 100ஆம் புலத்தில் ஏற்றினால் அவர் 'உ' வரிசைக்குப் போய்விடுவார். 'சாமிநாதையர், உ. வே., 1855-1942' என்று ஒரு வடிவத்தை நிலைநிறுத்தி, 'சாமிநாத ஐயர்', 'உ.வே.சா.' போன்றவற்றை ஆசிரியர்பெயர் ஆதாரப் பதிவில் (பெயரின் நிலையான வடிவத்தைக் குறித்துவைக்கும் பதிவு), மாற்று வடிவங்களுக்கான 400ஆம் புலத்தில் போட்டால் எப்படித் தேடினாலும் ஓரிடத்துக்கு வந்து சேரும். இந்த ஒரு பதிவும் அதன் விளக்கமும் தொகுப்பில் இருந்தால், தேர்வுக்குழு அதைப் பற்றிக் கேள்வி கேட்காமல் தாண்டாது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 'ஔவையார்' என்பதைப் பலர் 'ஒ'வும் 'ள'வுமாக இரண்டு எழுத்தாகத் தட்டிவிடுகிறார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். நூல் அலமாரியில் இருக்க, தேடல் 'முடிவு இல்லை' என்று கைவிரிக்கும். ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யுனிகோடு சீராக்கமும் இதைச் சரிசெய்யாது, பதிவைத்தான் திருத்த வேண்டும். திருத்துவதற்கு முன்னும் பின்னும் வந்த தேடல் முடிவுகளை அருகருகே வைத்துத் தொகுப்பில் காட்டலாம்.

நூலகப் பணிகளைக் கணினியில் நடத்தும் கோஹா மென்பொருளை மாணவர் தம் மடிக்கணினியிலேயே டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவிப் பழகட்டும். ஐம்பது நூல்களை ஏற்றி, மாணவருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனி இரவல் விதி அமைத்து, எஸ்கியூஎல் என்ற தரவுத்தள வினவல் மொழியில் ஓர் அறிக்கை எடுத்தால் போதும். கோஹாவின் ஜீப்ரா தேடுபொறியில் தமிழ்ச் சொல் ஒழுங்காகக் கிடைக்க, பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ அமைப்புக்கு மாற வேண்டும். மாறிய பிறகு சுட்டுவரிசை முழுவதையும் மறுபடி கட்டவும் வேண்டும். இதை மறந்துவிட்டு, 'கோஹாவில் தமிழ் வராது' என்று முடிவுகட்டுவோர் உண்டு. இணையத்திலுள்ள மாதிரித் தளங்களை நம்பி வேலை செய்யாதீர்கள். அவற்றை அவ்வப்போது அழித்துப் புதிதாக்குவார்கள். பதிவுகளை எம்ஆர்சி என்ற மார்க் கோப்பாக அன்றன்றே இறக்கி வையுங்கள்.

அடுத்தது பயனர் பயிற்சி. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஆய்வேடு தேடுவது, ஆய்வேட்டில் பிறர் எழுத்துடன் 10 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை வந்தால் மானியக் குழு விதிப்படி என்ன நடக்கும் போன்றவற்றில் ஒன்றை எடுத்து, 50 நிமிட வகுப்புக்குத் திட்டம் எழுதுங்கள். வெறும் பவர்பாயிண்ட் படங்கள், கேட்டவர் என்ன கற்றார் என்பதைச் சொல்லாது. பயிற்சித்தாள், பெயர் நீக்கிய நாலைந்து விடைகள், அவற்றைப் பார்த்து அடுத்த வகுப்பில் மாற்றியது என்ன என்ற குறிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது சான்று. இத்துடன், ஒரு துறைக்கு ஒரு லட்ச ரூபாயில் என்ன நூல் வாங்கலாம் என்று காரணத்துடன் ஒரு பட்டியலும் இருக்கட்டும்.

உறுப்பினரின் பெயர், கைபேசி எண், இரவல் விவரம் தெரியும் திரைப்படிகளை அப்படியே ஒட்டிவிடுவது கடுமையான தவறு. வாசகரின் அந்தரங்கத்தைக் காக்கத் தெரியாதவர் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். பிடிஎஃப்பில் மேலே கறுப்புப் பட்டை போட்டால் மட்டும் போதாது, அடியிலுள்ள எழுத்தை நகலெடுத்துவிடலாம். கற்பனை உறுப்பினர்களை உருவாக்கிப் படமெடுங்கள். குழுவாகச் செய்த வேலையில் தம் பங்கு எது என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, 15 பக்க அச்சுப்படி ஒன்று, விரிவான பிடிஎஃப் ஒன்று. எழுத்துரு பொதியப்படாத பிடிஎஃப் வேறு கணினியில் கட்டம் கட்டமாகத் திறக்கும். கூகுள் டிரைவ் இணைப்பு தந்தால், அனுமதி கேட்காமல் திறக்கிறதா என்று நண்பரின் கைபேசியில் பார்த்துவிடுங்கள்.

கடைசிப் பருவத்தில் ஒரே மாதத்தில் இவ்வளவையும் செய்ய முடியாது. செய்தாலும் 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் நினைவிருக்காது. பல்கலைக்கழகத் துறைகள் முதல் பருவத்திலேயே இதைத் தொடங்கி, நான்காம் பருவத் திட்டப்பணி மதிப்பெண்ணில் பாதியை இதற்கு ஒதுக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் தொகுப்பைத் திறந்துவைத்துக் கேள்வி கேட்க வேண்டும். 1931லேயே நூலகவியல் வகுப்பைத் தன் பொறுப்பில் ஏற்ற சென்னைப் பல்கலைக்கழகம் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கல்லூரி நூலகர்கள் சிலர்,
திருச்சி