இரண்டரைக்கும் ஐந்துக்கும் இடையில்

அன்புள்ள மகளுக்கு,

குரல் செய்தி அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாய் என்று தம்பி சொன்னான். அதனால்தான் கடிதம். பத்து வருடம் சனிக்கிழமை தவறாமல் அழஅழத் தமிழ்ப் பாடசாலையில் கொண்டுபோய் விட்டதற்கு ஒரு பலனும் வேண்டுமே.

நீ அனுப்பிய ஹோட்டல் அறைப் படத்தைப் பார்த்தோம். இரண்டு கட்டில், ஒரு அலுமாரி, யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். "இதுக்கும் சம்பளத்தில் வெட்டுறாங்களோ?" என்று அம்மா கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்தது. 1988 மார்கழியில் இதே சுவிஸில் எனக்குக் கிடைத்த அறையில் நாங்கள் நான்கு பேர். சப்பாத்துகளைக் காயவைக்க ஒரேயொரு ஹீட்டர். அந்த வாசனையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

நான் வேலை செய்த வெங்கன் உனக்கு எட்டும் தூரம்தான். நீ இருக்கும் கிறிண்டல்வால்டிலிருந்து கிளைன ஷைடெக் கணவாய்க்கு ஏறி மற்றப் பக்கத்தால் இறங்கினால் அந்த ஊர். தெரு வழியாகப் போக முடியாது, லவுட்டபுருனனிலிருந்து பற்சக்கர ரயில்தான். அகதி முகாமில் இருந்தபோது அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவ ஆள் தேவை என்றார்கள், போனேன். காலில் கொழும்பில் வாங்கிய சப்பாத்து. ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலுக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று தரம் விழுந்தேன்.

நீ சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுகிறாய். குசினிக் கதவுக்கு அந்தப் பக்கம் உன் உலகம், இந்தப் பக்கம் என்னுடையது. நீ அடுக்கிக்கொண்டு வரும் எச்சில் தட்டுகள் யாரோ ஒருவரின் கையில் போய்ச் சேருகின்றன. மிச்சத்தை வழித்துப் போட்டுவிட்டுக் கொடு, கரண்டிகளைத் தனியாகப் போடு. சீஸ் உருக்கும் ஃபொண்டூ சட்டியென்றால் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றி வை. சுடுதண்ணீர் ஊற்றினால் அடியில் பிடித்த சீஸ் பசையாகிவிடும், பிறகு அதோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. முதல் மாதம் முழுக்கச் சுடுதண்ணீர்தான்.

சரி, எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். "பின்னேரம் இரண்டரையிலிருந்து ஐந்து மணி வரை சும்மா இருக்கிறேன், சரியான அலுப்பு" என்று சொன்னாயே. அந்த இரண்டரை மணி நேரத்துக்கு டொச்சில் (ஜெர்மனில்) சிம்மர்ஷ்டுண்ட என்று பெயர் என்பதை நீயும் இப்போது அறிந்திருப்பாய். அறை நேரம். நான் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டேன். நான்கு குளிர்காலம், அந்த நேரம் முழுவதும் அறையிலேயே கிடந்தேன். படுப்பேன், அல்லது ஊருக்குக் கடிதம் எழுதுவேன். 1990 ஆனியில் திரும்பவும் சண்டை தொடங்கிய பிறகு கடிதம் எப்போது போய்ச் சேரும், சேருமா என்பதே தெரியாது. பனி எப்படி இருக்கும் என்று அப்பம்மா ஒரு முறை கேட்டிருந்தா. திருவிய தேங்காய்ப்பூ வானத்தால் கொட்டுவது போல என்று எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: "அப்ப வழுக்காதோ?"

வெங்கனுக்கு மேலேதான் லவுபர்ஹோர்ன் ஸ்கீ போட்டி. 1930இல் தொடங்கியது, நாலரைக் கிலோமீற்றர் ஓட்டம், சில இடங்களில் மணிக்கு 150 கிலோமீற்றருக்கும் மேல் வருவார்கள். தை மாதத்தில் அந்த நாட்களில் ஊர் கொள்ளாத சனம். பார்க்க வந்தவர்கள் ஆட்டும் மாட்டு மணிச் சத்தம் குசினிக்குள் கேட்கும், நான் தட்டுத் தேய்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் போட்டியை முதன்முதலாகப் பார்த்தது பேர்ணுக்கு வந்த பிறகு, ரீவியில்.

காசு இல்லை என்பது ஒரு காரணம். கால் முறிந்தால் ஊருக்குக் காசு யார் அனுப்புவது, மாமியின் கலியாணம் என்னாவது என்ற பயம் இன்னொன்று. இவற்றையெல்லாம் விட, இது எங்கடை ஆட்களுக்கான விளையாட்டு இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒருவரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. அதனால் இரண்டரை அடித்ததும் வெளியே போ பிள்ளை. சறுக்கப் பிடிக்காவிட்டால் நட. அறைக்குள் மட்டும் கிடக்காதே. முகத்துக்கு வெயில் கிறீம் பூசு. எங்கள் தோலுக்கு வெயில் என்ன செய்யும் என்று நினைத்து ஒரு முறை பனியில் மூன்று மணி நேரம் பெட்டி இறக்கினேன். உதடு உரிந்து ஒரு கிழமை காரம் சாப்பிட முடியவில்லை. புதுப்பனி தன்மேல் விழும் வெயில் கதிரில் பெரும் பகுதியைத் திருப்பி எறியும்.

இன்னொன்று, மணிக்கணக்கு. ஒவ்வொரு இரவும் உன் கொப்பியில் எழுது. என் முதல் வருடத்தில் முதலாளியின் புத்தகத்திலிருந்த மணி வேறு, நான் நின்ற மணி வேறு. வாய் திறக்க டொச் தெரியாது. உனக்கு ஒப்பந்தம் இருக்கிறது: சீசன் ஹோட்டல் என்றால் கிழமைக்கு 43.5 மணி நேரம், இரண்டு நாள் ஓய்வு. மாதம் ஒரு முறை கையெழுத்துக்கு வரும் தாளைக் கூட்டிப் பார்க்காமல் போடாதே.

என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் ஒரு போர்த்துக்கல்காரர் இருந்தார். சீசன் விசா, வருடத்துக்கு அதிகபட்சம் 9 மாதம், பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிட அனுமதி இல்லை. மகளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வைப்பார், ஊருக்குப் போகும்போது அது சிறிதாகியிருக்கும். அந்தச் சட்டம் 2002இல்தான் ஒழிந்தது. அகதி அட்டையோடு இருந்த நான் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன், அவர் என்னைப் பார்த்து.

பனிச்சரிவு பற்றி அம்மா கட்டாயம் எழுதச் சொன்னா. டாவோஸ் பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை குளிர்காலத்தில் தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு வரும். ஐந்து ஆபத்துப் படிகளில் மூன்றுதானே, நடுத்தரம்தானே என்று நினைக்காதே. அந்த மூன்றில்தான் கூடுதலான பேர் சாகிறார்கள். கூட வேலை செய்யும் பொடியன்கள் கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் கூப்பிட்டால் போகாதே. சரிவைக் கிளப்புவது பெரும்பாலும் அதில் அகப்படுகிறவர்களேதான்.

பார்சலில் மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, இரண்டு சோடி கம்பளி மேஸ். வடையை அறைத் தோழிக்கும் கொடு.

அடுத்த மாதம் நான் அங்கே வரும் நாளைக் குறித்துவிட்டு, என் சப்பாத்து அளவு என்ன என்று சும்மா கேட்பதுபோல் கேட்டிருந்தாய். 41. அம்மாவுக்கு இப்போதைக்குச் சொல்லாதே.

அப்பா