ஜான் விண்டம் சொகுசான எழுத்தாளரா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

பிரிட்டிஷ் அறிவியல் புனைவு எழுத்தாளர் ஜான் விண்டம் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். 'தி டே ஆஃப் தி டிரிஃபிட்ஸ்' நாவலைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டாயாம். ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது நாயகனும் நாயகியும் நல்ல வீடாகப் பார்த்துக் குடியேறி, நல்ல உடை உடுத்தி ஒயின் குடிப்பது உனக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கத்துக்கு இதமாக எழுதிக்கொடுத்தவர், அவ்வளவுதான் என்று முடித்தும்விட்டாய். உனக்குத் தனியாகவே பதில் போட்டிருக்கலாம். ஆனால் இதே கருத்தைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இந்தக் குற்றச்சாட்டு பழையது. பிரையன் ஆல்டிஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் அறிவியல் புனைவு எழுத்தாளர், 1973இல் வெளியிட்ட 'பில்லியன் இயர் ஸ்ப்ரீ' என்ற வரலாற்று நூலில் விண்டமின் கதைகளைச் சொகுசான பேரழிவுகள் என்றார். மற்றவர்கள் எல்லாம் சாகிறார்கள், நாயகனுக்கு மட்டும் ஒரு பெண் கிடைக்கிறாள், சவாய் ஹோட்டலில் இலவச அறை கிடைக்கிறது, வேண்டிய காரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். அந்தப் பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. விண்டம் இறந்து அப்போதே நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, பதில் சொல்ல ஆள் இல்லை. ஆல்டிஸ் பெரிய எழுத்தாளர்தான். இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரியில்லை என்பதே என் எண்ணம். விண்டம் எந்த வயதில், எதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து அந்த நாவலை எழுதினார் என்று தெரிந்தால் நீயும் அப்படித்தான் நினைப்பாய்.

ஜான் விண்டம் பார்க்ஸ் லூகஸ் பெய்னன் ஹாரிஸ். இதுதான் முழுப்பெயர். பிறந்தது 1903, இங்கிலாந்தின் வார்விக்ஷயரில். எட்டு வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரும் தம்பி விவியனும் வளர்ந்தது விடுதிப் பள்ளிகளில். ஒன்று மாற்றி ஒன்றாகப் பல பள்ளிகள். கடைசியாகச் சேர்ந்த பீடேல்ஸ், பையன்களும் பெண்களும் சேர்ந்து படித்த பள்ளி, அங்கேதான் அவர் சந்தோஷமாக இருந்தார். 18 வயதில் வெளியே வந்து விவசாயம், சட்டம், வணிக ஓவியம், விளம்பரம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். எதிலும் கால் ஊன்ற முடியவில்லை. பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்த பணத்தில்தான் காலம் ஓடியது.

1931இல் அமெரிக்காவின் 'ஒண்டர் ஸ்டோரீஸ்' பத்திரிகையில் அவருடைய காலப்பயணக் கதை ஒன்று வந்தது. அதன் பிறகு அந்த மாதிரிப் பத்திரிகைகளுக்குத் தொடர்ந்து எழுதினார். ஒரு சமயம் ஜான் பெய்னன் ஹாரிஸ், இன்னொரு சமயம் வெறும் ஜான் பெய்னன். 1935இல் வந்த 'தி சீக்ரெட் பீப்பிள்' நாவலில் சஹாராவில் கடலை உண்டாக்குகிறார்கள், பூமிக்கு அடியில் ஒரு மக்கள் கூட்டம் வாழ்கிறது. மறு வருடம் வந்த 'பிளானட் பிளேன்' செவ்வாய்க்குப் போகிற கதை. நடுவில் துப்பறியும் நாவல். வேகத்துக்குக் குறைவில்லை, ராக்கெட்டுக்கும் குறைவில்லை. ஆனால் புத்தகத்தை மூடியதும் அந்த மனிதர்கள் நம்மோடு வருவதில்லை. அந்த மாதிரிக் கதையை அன்று இன்னும் நூறு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் போர் வந்தது. விண்டம் தகவல் அமைச்சகத்தில் தணிக்கையாளராக வேலை பார்த்தார். லண்டன் மேல் குண்டு விழுந்த இரவுகளில் தீக்கண்காணிப்பு வேலையும் செய்தார், அதாவது எங்கே தீப்பிடிக்கிறது என்று விழித்திருந்து பார்ப்பது. பிறகு ராணுவத்தின் சிக்னல்ஸ் படையில் சேர்ந்து, சங்கேதச் செய்திகளைக் கையாளும் கார்ப்பொரலாக நார்மண்டியில் போய் இறங்கினார். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

போர் முடிந்து திரும்பியபோதும் எதுவும் எளிதாகிவிடவில்லை. எழுதியது விலை போகவில்லை. அந்த ஆண்டுகளில் எழுதிய 'பிளான் ஃபார் கேயாஸ்' நாவல் அவர் வாழ்நாளில் அச்சாகவே இல்லை, 2009இல்தான் வந்தது. இதற்குள் விவியன் நான்கு நாவல்கள் வெளியிட்டுவிட்டார். தம்பி எழுதி வெற்றி பெற்றதைப் பார்த்துத்தான் அண்ணன் தன் எழுத்து முறையையே மாற்றினார் என்று சொல்வார்கள். 1951இல் 'டிரிஃபிட்ஸ்' வந்தபோது ஆசிரியருக்கு வயது 47. எழுத ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜான் விண்டம் என்ற பெயர் அந்தப் புத்தகத்தோடுதான் எல்லோருக்கும் தெரியவந்தது. தன் நீண்ட பெயரிலிருந்து அதுவரை அதிகம் புழங்காத துண்டை எடுத்துக்கொண்டார்.

என்ன மாறியது? பெயர் மட்டும் இல்லை. டிரிஃபிட் என்பது நடமாடி மனிதர்களைக் கொட்டிக் கொல்லும் செடி. முதல் வரைவில் அந்தச் செடிகள் வெள்ளிக் கோளிலிருந்து வந்தன. அச்சான நாவலில் அவை சோவியத் ஆய்வுக்கூடத்தில் மனிதன் உருவாக்கியவை. விதையைத் திருடிக்கொண்டு வந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதால் உலகமெங்கும் பரவுகின்றன. நல்ல எண்ணெய் தருகின்றன என்பதற்காக மனிதர்கள் தாங்களே அவற்றைப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். ஒரு ராத்திரி வானத்தில் தோன்றிய பச்சை ஒளியைப் பார்த்தவர்களுக்கெல்லாம் கண் போய்விடுகிறது. அதுகூட வால்நட்சத்திரம் இல்லாமல், மனிதன் பறக்கவிட்ட ஆயுதமாக இருக்கலாம் என்று நாயகன் பில் மேசனுக்கு முடிவில் சந்தேகம் வருகிறது. இருபது வருடம் ஆபத்தைத் தேடி செவ்வாய்க்குப் போன எழுத்தாளர், லண்டன் தெருவிலேயே அதைக் கண்டெடுத்துவிட்டார். அவருடைய எழுத்து வாழ்க்கையில் இதைவிடப் பெரிய திருப்பம் கிடையாது என்பேன்.

அந்தத் தெருவும் அவர் நடந்த தெருதான். கதையில் கண் தெரிந்தவர்களை வரச்சொல்லி இரவில் ஒளி பாய்ச்சுவார்களே லண்டன் பல்கலைக்கழகக் கோபுரம், அந்த செனட் ஹவுஸில்தான் போர்க்காலத்தில் தகவல் அமைச்சகம் இயங்கியது. அவர் பல வருடம் தங்கியிருந்த பென் கிளப்பும் அதே ப்ளூம்ஸ்பரி பகுதியில் இருந்தது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கிய எளிமையான விடுதி அது. கண்ணெதிரே எரிந்த ஊரைத்தான் அவர் கதையில் காலி செய்தார்.

இப்போது உன்னை எரிச்சலூட்டிய அந்த ஒயின் அத்தியாயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து அதை இன்னொரு முறை படி. அதே மாலை, அதே கட்டடம். பில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறொரு கதவு திறக்கிறது. ஓர் இளைஞன் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறான். இருவருக்கும் கண் தெரியாது. ஒரு நிமிடம் நில் என்று அவளிடம் சொல்லிவிட்டு, கையால் தடவிக்கொண்டே நடைபாதையின் கோடியில் இருக்கும் ஜன்னலைக் கண்டுபிடித்துத் திறந்து வைக்கிறான். பிறகு திரும்பி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான். வீட்டை விட்டு வர அவளுக்குப் பயம், சாப்பாட்டுக்கு என்ன செய்வோம் என்று கேட்கிறாள். அவன் சமாதானம் சொல்கிறான், முத்தமிடுகிறான், அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே கால் வைக்கிறான். ஒயின் அதற்குப் பிறகுதான். இதற்கு முன்னாலேயே மதுக்கடைக்காரன் ஒருவன் வருவான், நினைவிருக்கிறதா? அவன் மனைவி பிள்ளைகளோடு கேஸைத் திறந்துவிட்டுச் செத்துப்போனாள். தானும் மாடிக்குப் போகத் தைரியம் வரவேண்டும் என்று அவன் குடித்துக்கொண்டிருப்பான். நீ நிறுத்திய இடத்துக்குப் பிறகு பில்லுக்கு விலங்கு மாட்டி, பார்வை இழந்த ஒரு கூட்டத்தோடு இணைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சோறு தேடிக் கொடுக்கவேண்டியது அவன் பொறுப்பு. அந்தக் கூட்டம் நோயில் ஒவ்வொருவராக விழுகிறது. இதில் எங்கே சொகுசு? பழைய வாழ்க்கைக்கு ஒரே ஒரு ராத்திரி விடைகொடுக்கும் இரண்டு பேரை நாம் விருந்து சாப்பிடுகிறவர்களாகப் பார்த்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

'டிரிஃபிட்ஸ்'க்குப் பிறகு பத்து வருடம் அவருக்கு நல்ல காலம். 1953இல் 'தி கிராக்கன் வேக்ஸ்'. ஆழ்கடலில் எதுவோ குடியேறுகிறது, பனி உருகுகிறது, கடல் ஏறி லண்டனை முழுகடிக்கிறது. 1957இல் 'தி மிட்விச் குக்கூஸ்', மூன்று வருடத்தில் படமாகவும் வந்தது. 1959இல் 'தி அவுட்வர்ட் அர்ஜ்', விண்வெளிக் கதை. அட்டையில் லூகஸ் பார்க்ஸ் என்ற இணை ஆசிரியர் பெயரும் இருக்கும், அதுவும் அவரேதான். இது எனக்குப் பிடித்ததில்லை, நீ தாண்டிப் போகலாம். 1960இல் 'டிரபிள் வித் லைக்கன்', ஆயுளை நூற்றுக்கணக்கான வருடம் நீட்டும் பொருளைக் கண்டுபிடிக்கும் ஒரு பெண் விஞ்ஞானியின் கதை.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டமின் பெண்கள் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் ஆண்களைவிடத் தெளிவானவர்கள். பென் கிளப்பில் அவருடைய அறைக்கு அடுத்த அறையில் கிரேஸ் வில்சன் என்ற ஆசிரியை இருந்தார். போர்க்களத்திலிருந்து விண்டம் கடிதம் எழுதியது அவருக்குத்தான். திருமணம் செய்துகொள்ளாமலே பல வருடம் இருவரும் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பல இடங்களில், கல்யாணமான ஆசிரியை வேலையை விடவேண்டியிருந்தது. 1963இல், விண்டமுக்கு 60 வயதானபோது, மணம் செய்துகொண்டு பீடேல்ஸ் பள்ளிக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். ஆறே வருடம். 1969 மார்ச்சில் விண்டம் இறந்தார். அதற்கு முந்தைய வருடம் வந்த 'சாக்கி'தான் அவர் உயிரோடிருந்தபோது வெளியான கடைசி நாவல். ஒரு சிறுவன் தலைக்குள் கேட்கும் குரலைப் பற்றிய சின்ன, மிக அன்பான புத்தகம்.

உனக்கு நான் முதலில் தரப்போவது 1955இல் வந்த 'தி கிரிசலிட்ஸ்'. பேரழிவு நடந்து தலைமுறைகள் கடந்துவிட்ட, கனடாவின் லாப்ரடார் பகுதி. உடம்பில் ஒரு விரல் கூடினாலும் கடவுளுக்கு எதிரான பிறவி என்று ஒதுக்கும் ஊர். சோஃபி என்ற சிறுமிக்குக் காலில் ஆறு விரல். ஓடையில் விளையாடிவிட்டுப் பாறையில் ஏறுகிறாள், ஈரக்கால் அங்கே பதிகிறது, அதை இன்னொரு பையன் பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான், ஒரு குடும்பம் ராவோடு ராவாக ஓடவேண்டும். அதே நாவலில் நாயகன் டேவிட்டின் அம்மாவைத் தேடி அவள் சகோதரி ஹேரியட் கைக்குழந்தையோடு வருகிறாள். குழந்தையிடம் சின்னக் குறை இருக்கிறது. சோதனைக்கு வருகிறவர்களிடம் காட்ட, உன் குழந்தையை ஒரே ஒரு நாள் கொடு என்று கெஞ்சுகிறாள். டேவிட்டின் அம்மா மறுத்து அனுப்பிவிடுகிறாள். பிறகு ஹேரியட்டின் உடல் ஆற்றில் கிடைத்த செய்தி வருகிறது. விண்டம் இதைச் சில பக்கங்களில், குரலே உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போகிறார்.

அதை முதலில் படி. அப்புறம் 'சாக்கி'. அப்புறம் 'டிரிஃபிட்ஸ்', ஆனால் விட்ட இடத்திலிருந்து வேண்டாம், முதல் பக்கத்திலிருந்து. புதன்கிழமை காலை ஞாயிற்றுக்கிழமை மாதிரி நிசப்தமாக இருக்க, கண்ணில் கட்டோடு பில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் காத்திருக்கும் இடத்தை நிதானமாகப் படி. ஹேரியட் வரும் அத்தியாயத்தைத் தாண்டியதும் எனக்கு எழுது. அதற்குப் பிறகும் உன் கருத்து மாறவில்லை என்றால், ஏன் என்று விரிவாகவே எழுது. நானும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்